பிரசவத்துக்குப் பிறகு தாம்பத்தியம்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் தோழிகளே. குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகின்றன. சுகப்பிரசவம்தான், தையல் போட்டார்கள். 6 வாரப் பரிசோதனையில் புண் ஆறிவிட்டது, இனி உறவு வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஆனால் இன்னும் வலிக்கிறது. தையல் போட்ட இடத்தில் சுள்ளென்று எரிகிறது. நினைத்தாலே உடம்பு இறுகிவிடுகிறது.

தாய்ப்பால் கொடுக்கும்போது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பில் வறட்சி வரும் என்று மருத்துவர் விளக்கி, லூப்ரிகன்ட் ஜெல் பயன்படுத்தச் சொன்னார். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆசைதான் வரவில்லை. பகல் முழுக்கக் குழந்தை மார்போடு ஒட்டியே கிடக்கிறது. இரவில் கணவர் என் தோளில் கை வைத்தால்கூட, கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் போதும் என்றே தோன்றுகிறது. அவர் ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. இப்போதோ என் பக்கம் திரும்பிப் படுக்கவே தயங்குகிறார். அதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியில் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்காக பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வலி குறைந்ததா? உறவு வரை போகாமல், அணைப்பு, முத்தம் என்று மெதுவாகத் தொடங்கியவர்கள் கணவரிடம் அந்தப் பேச்சை எப்படி எடுத்தீர்கள்?

அப்புறம் கருத்தடை. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கரு தங்கலாம் என்பதால் அந்தப் பயமும் இருக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே எதைப் பயன்படுத்தினீர்கள்? மருத்துவரிடமும் கேட்பேன், உங்கள் அனுபவமும் வேண்டும்.

"எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே எழுதத் தயக்கமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.