புதுப்பிப்பு: காற்றிலிருந்து ஹீலியத்துக்குள் புகும் சாய்ந்த அதிர்ச்சி அலை

இரு வாயுக்களின் எல்லையைச் சாய்வாகக் கடக்கும் அதிர்ச்சி அலை (ஒலியைவிட வேகமாகச் செல்லும், அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும் அலை), ஒளியைப் போலத் திசை மாறி விலகுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை எதிர்பார்த்ததைவிட அழகாக இருக்கிறது.

சிறிய கோணங்களில் விலகுகிறது. படும் அலை, ஊடுருவும் அலை, திரும்பும் அலை மூன்றும் எல்லையில் ஒரே புள்ளியில் சந்தித்து, அந்தப் புள்ளியோடு சேர்ந்தே நகர்கின்றன. இதுவரை ஒளியின் விதிதான். ஆனால் இங்கே இன்னொரு கட்டாயமும் உண்டு: அலைகள் கடந்த பின் எல்லையின் இருபுறமும் அழுத்தமும் பாய்வின் திசையும் ஒத்திருக்க வேண்டும். ஆகவே கோணத்தை அலையின் வலிமையிலிருந்து பிரித்துக் கணக்கிடவே முடியாது.

கோணம் கூடும்போதுதான் விஷயம் சூடு பிடிக்கிறது. அறை வெப்பநிலையில் ஒலிவேகம் காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். ஹீலியத்தில் ஏறத்தாழ 1000 மீட்டர். ஆகவே மிக வலுவற்ற அலைக்கு, மூன்று அலைகளும் ஒரே புள்ளியில் சந்திக்கக்கூடிய கடைசிக் கோணமான மாறுநிலைக் கோணம் (அலைமுகத்துக்கும் எல்லைக்கும் இடையே) 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதைத் தாண்டினால் ஹீலியத்தில் உள்ள அலை சந்திப்புப் புள்ளியை விட்டுவிட்டு முன்னே ஓடுகிறது. ஓடியபடியே காற்றுக்குள் பக்கவாட்டில் புதிய அலையொன்றை அனுப்புகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அதிர்ச்சி அலைகளின் விலகலைப் பற்றி ராபர்ட் ஜான் 1956இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்.

சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு போன்ற கனமான வாயுவில் ஒலிவேகம் காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே அலை இப்படி முன்னே ஓடுவதில்லை.

அடுத்து, எல்லையில் பிறக்கும் சுழிப்புகளைக் கணக்கிடப் போகிறேன்.