ஓய்வு பெற்று நான்கு மாதம், பகலை என்ன செய்வது?

திருச்சிக்காரர்:
கருவூலத்தில் 34 வருடம் கணக்குப் பார்த்தவன் நான். பென்ஷன் வருகிறது, பிள்ளைகள் வெளியூரில், பணக்கவலை இல்லை. ஆனால் நடை முடிந்து, பேப்பரும் படித்த பிறகு பகல் நகரவே மாட்டேன் என்கிறது. 60-க்கு மேல் புதிதாக ஏதாவது தொடங்கி, அதில் மனம் ஒட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

தமிழ் டீச்சர்:
சார், நான் மூன்று வருடமாகத் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். நாட்டுடைமையான பழைய நூல்களின் பக்கப் படம் ஒருபுறம், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபுறம் இருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்று போலத் தெரிவதால் "மரம்" என்பது "மாம்" என்று வந்து நிற்கும். கணக்கு சரிபார்த்த கண் உங்களுக்கு, சட்டென்று பிடித்துவிடுவீர்கள். நான் தினம் ஐந்து பக்கம், அதற்கு மேல் போனால் கண் வலிக்கிறது.

மின்வாரிய அண்ணாச்சி:
டீச்சர் சொல்வது நல்ல வேலைதான், ஆனால் தனியாகவே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒத்துவராது. சாயங்காலம் திண்ணையில் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பின்னம் புரியாத ஒரு பெண்ணுக்கு முறுக்கை உடைத்து உடைத்துக் காட்டினேன், அன்றைக்குத்தான் புரிந்தது அவளுக்கு. நீங்களும் கணக்குக்காரர், யோசியுங்கள்.

திருச்சிக்காரர்:
நன்றி. விக்கிமூலத்தில் பதிவு செய்து இன்று இரண்டு பக்கம் முடித்தேன் டீச்சர், "மாம்" எனக்கும் வந்தது. அண்ணாச்சி, எதிர்வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான், அவன் அம்மாவிடம் நாளைக்குப் பேசுகிறேன்.