கை மாறிய ஸ்கூபா விடுதி: 'இன்று கடல் வேண்டாம்' என்று இனி யார் சொல்வார்?

முட்டத்துக் கரையான்:
குளச்சலுக்குக் கிழக்கே, எங்கள் ஊர்க் கடற்கரையில் எட்டு ஆண்டுகளாக நடந்துவந்த சிறிய ஸ்கூபா விடுதி (சிலிண்டர் காற்றைச் சுவாசித்தபடி கடலுக்குள் முங்கக் கூட்டிப்போகும் இடம்) கடந்த ஐப்பசியில் கைமாறியது. கட்டடம், படகு, சிலிண்டர்கள், பெயர்ப்பலகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆள்கள்தான் இல்லை. தொடக்கம் முதல் வழிகாட்டிகளாக இருந்த மூன்று பேரையும் புதிய உரிமையாளர் மார்கழியில் நிறுத்திவிட்டார். மூவரும் சிப்பிக்கு முங்கி வளர்ந்தவர்கள். ஆலயக் கோபுரத்தையும் அதன் பின்னால் தெரியும் மலை முகட்டையும் சேர்த்துப் பார்த்தே, அடியில் எந்தப் பாறை எங்கே கிடக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் இடத்தில் வெளியூரிலிருந்து சான்றிதழோடு இரண்டு இளைஞர்கள் வந்திருக்கிறார்கள். முன்பு ஒரு பயிற்றுநருடன் புதியவர்கள் இரண்டு பேர்தான் இறங்குவார்கள்; இப்போது நான்கு பேர். இது ஆபத்தில்தான் முடியும் என்கிறேன்.

நாகர்கோவில் கணக்கர்:
அண்ணன், பழைய காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிடாதீர்கள். நான் அங்கே இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவன். நம் கரையில் கச்சான் என்ற மேல்காற்று எழுந்துவிட்டால் ஆவணி வரை படகு இறக்க முடியாது. வருமானம் சில மாதங்களுக்கு, செலவோ பன்னிரண்டு மாதங்களுக்கும். அந்தப் பள்ளத்தைப் பழையவர் பராமரிப்புப் பணத்தைக் கொண்டுதான் நிரப்பினார். சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் ரெகுலேட்டர்கள், ஆண்டுதோறும் பிரித்துச் சரிபார்க்க வேண்டியவை, அப்படியே கிடந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்குப் போக வேண்டிய சிலிண்டர்களில் பாதி போகவில்லை. எல்லாவற்றிலும் கொடுமை, சிலிண்டர்களை நிரப்பும் கம்ப்ரசர் வெளிக்காற்றை உறிஞ்சும் குழாய் டீசல் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் புகுந்தால், பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பதால் விஷத்தின் வீரியமும் இரட்டிக்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. புதியவர் வந்ததும் முதல் வேலையாக அந்தக் குழாயை மாற்றினார். படகில் ஆக்சிஜன் பெட்டி வைத்தார். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேர் என்பதும், சர்வதேச ஸ்கூபா பயிற்சி அமைப்பான 'பாடி' (PADI) அனுமதிக்கிற எண்ணிக்கைதான்.

அந்தமான் பயிற்றுநர்:
நான் இந்த மாவட்டத்துப் பெண். இப்போது ஸ்வராஜ் தீவில், அதாவது பழைய ஹேவ்லாக்கில், ஸ்கூபா கற்றுத்தருகிறேன். நான்கு என்பது உச்சவரம்பு, சார். கலங்கலும் நீரோட்டமும் இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். நம் கரையில் நான்கைந்து மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத நாள்கள் உண்டு. அப்படிப்பட்ட தண்ணீரில் நான்காவது ஆள் கண்ணிலிருந்து மறையச் சில விநாடிகள் போதும். அவர் பதறி மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், பத்து மீட்டரிலிருந்து நீர்மட்டத்துக்கு வருவதற்குள் நுரையீரல் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடும்.

ஆனால் அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். சிப்பிக்கு முங்குகிறவர் மூச்சை அடக்கிப் பழகியவர். ஒரே மூச்சில் போய் ஒரே வீச்சில் மேலே வருவார். மேலே இழுத்த மூச்சு மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும் என்பதால் அவருக்கு அதில் கேடில்லை. ஸ்கூபாவின் முதல் பாடமோ மூச்சை அடக்காதே, மெதுவாக ஏறு என்பதுதான். கடலை அறிந்தவர் என்பதாலேயே ஒருவர் ஸ்கூபா வழிகாட்டி ஆகிவிட முடியாது. எட்டு ஆண்டுகளில் அந்த மூவரையும் முறையான பயிற்சிக்கு அனுப்பாதது பழைய முதலாளி செய்த அநியாயம்.

குளச்சல் வழக்கறிஞர்:
நிறுத்தப்பட்ட மூவரின் உரிமையைப் பேசுமுன், விற்றது எதை என்று பாருங்கள். கம்பெனியின் பங்குகள் கைமாறியிருந்தால் கம்பெனி அதேதான். பணியாளர்களின் சேவைக்காலமும் வாடிக்கையாளர் கட்டிய முன்பணமும் அதன் பொறுப்பிலேயே தொடரும். தொழிலை மட்டும் வாங்கியிருந்தாலும், இவர்கள் இடைவெளியில்லாமல் அதே வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். எனவே பழைய ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லலாம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்துவந்த ஏற்பாடு இது. ஆள்குறைப்பு இழப்பீடு ஆண்டுக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். எட்டு ஆண்டுக்கு 120 நாள். சம்பளச் சீட்டோ, வங்கிக் கணக்குப் பதிவோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

தக்கலை மாணவி:
நான் பழையவரிடம் முழுப்பணம் கட்டியவள். கடலில் நான்கு முறை இறங்க வேண்டிய பயிற்சியில் இரண்டுதான் முடிந்தது. மீதி இரண்டும் போய்விட்டதா?

அந்தமான் பயிற்றுநர்:
இல்லை, தங்கச்சி. முடித்த பகுதியை உன் பயிற்றுநரிடம் எழுத்தில் வாங்கிக்கொள். 12 மாதத்துக்குள் வேறெங்கும் மீதியை முடிக்கலாம். பணத்துக்கு ரசீதோடு மேலாளரைப் பார்.

முட்டத்துக் கரையான்:
ஜெனரேட்டர் செய்தி எனக்குத் தெரியாது. அந்தக் காற்றைத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சுவாசித்தார்கள் என்று நினைக்கவே நெஞ்சு பதைக்கிறது. பழையவருக்காக இனி வாதாட மாட்டேன்.

ஆனால் மாசியில் நடந்ததைக் கேளுங்கள். அன்று விடியும்போதே நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், திரும்பிவிட்டது. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவருக்குக்கூடத் தெரிந்தது. விடுதிப் படகு மட்டும் இறங்கியது. இறங்கிய நான்கு பேரும் படகுக்கு வெகுதூரம் தள்ளி எழுந்தார்கள். எங்கள் வள்ளத்துக்காரர்கள்தான் தூக்கி ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்த மூவரில் ஒருவர் இருந்திருந்தால் கயிற்றையே அவிழ்க்க விட்டிருக்க மாட்டார். இது 2017இல் ஒக்கிப் புயலைப் பார்த்த கரை. கடலுக்குப் போகாதே என்ற சொல் நேரத்துக்கு வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடுகளில் மாலை போட்ட படங்கள் இருக்கின்றன.

நாகர்கோவில் கணக்கர்:
மாசிச் சம்பவம் கணக்குப் புத்தகத்தில் வராது, அண்ணன். இப்போதுதான் கேள்விப்படுகிறேன். என் வாதத்தில் அதற்குப் பதில் இல்லை. ஆனாலும் புதியவர் வங்கிக் கடன் வாங்கி விடுதியை எடுத்தவர். படகு இறங்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு நட்டம்.

அந்தமான் பயிற்றுநர்:
அதனால்தான் சொல்கிறேன், இறங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். இறங்கும் நாளுக்கு மட்டும் கூலி என்றால், வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் நாக்கு எழாது. அந்த மூவரில் மூத்தவரைப் படகுப் பொறுப்பில் வைக்கட்டும். மற்ற இருவரையும் பயிற்சிக்கு அனுப்பட்டும்.

நாகர்கோவில் கணக்கர்:
இதை மேலாளரிடம் பேச முடியும். சனிக்கிழமை காலை போகிறேன். மூத்தவரை அழைத்துவருகிறீர்களா, அண்ணன்?

முட்டத்துக் கரையான்:
மூவரையுமே அழைத்துவருகிறேன், தம்பி. அந்த 120 நாள் சம்பளத்தை முதலில் பேசுவோம். வேலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.