மறு: வேஸ்ட்கேட் – கலிங்கா, மதகா?

> பெட்ரோல் பிக்கப் எஞ்சினுக்கு டர்போ பொருத்தும் கையேட்டின் சொற்பட்டியல் இது. டர்போசார்ஜர்: சுழல் மின்னேற்றி. வேஸ்ட்கேட்: கழிவு வாயில். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

மின்னேற்றி வேண்டவே வேண்டாம், அது கைபேசிக்கு. இங்கே எஞ்சினுக்குள் அழுத்தி ஏற்றப்படுவது காற்று. சூப்பர்சார்ஜர்தான் பழைய பொதுப்பெயர். டர்போசூப்பர்சார்ஜர் என்று நீட்டி வழங்கியது பிறகு டர்போசார்ஜர் எனச் சுருங்கியது. எனவே பொதுவுக்குக் 'காற்றூட்டி', எஞ்சின் புகை சுற்றும் சுழலியால் (டர்பைன்) ஓடுவதற்குச் 'சுழலிக் காற்றூட்டி', கிராங்க் தண்டிலிருந்து பெல்ட்டில் ஓடுவதற்குப் 'பெல்ட் காற்றூட்டி'. பட்டறையில் எல்லோருக்கும் அது டர்போதான். கையேட்டுக்குள்ளும் டர்போ என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

'கழிவு வாயில்'தான் உண்மையில் ஆபத்து. படிப்பவர் அழுத்திய காற்றை வெளியே விடும் வால்வு என்று எண்ணிக்கொள்வார். அது ப்ளோ-ஆஃப் வால்வு. அது இருப்பது குளிர்ந்த பக்கம், அதாவது காற்றை அழுத்தும் அமுக்கி (கம்ப்ரசர்) உள்ள பக்கம். வேஸ்ட்கேட் இருப்பது சூடான பக்கம்: வரும் புகையில் ஒரு பங்கைச் சுழலியில் படாமல் நேரே சைலன்சர் குழாய்க்குத் திருப்பிவிடுகிறது. அதனால்தான் சுழலியின் வேகம் கட்டுக்குள் நிற்கிறது. ஏரி நிரம்பியதும் கரை உடையாமல் மிகைநீரைக் கழிக்கும் கலிங்கின் வேலையும் இதுவே. என் வாக்கு கலிங்குக்கு.

---

> என் வாக்கு கலிங்குக்கு.

அழகான சொல், ஆனால் பொருந்தவில்லை. கலிங்கில் மட்டம் உயர்ந்தால் நீர் தானே வழியும். வேஸ்ட்கேட்டில் ஒரு மடல், அதை மூடிப்பிடிக்கும் ஸ்பிரிங், டயாஃப்ரம் (அழுத்தம் பட்டால் வளையும் சவ்வு), தள்ளுதண்டு எல்லாம் உண்டு. அழுத்தத்தை அறிவது காற்றுப் பக்கத்தில், திறப்பது புகைப் பக்கத்தில். கலிங்கு என்று படித்தவர் புகை மிகுந்தால் புகையே திறந்துகொள்ளும் என்று நினைத்து, அழுத்தத்தை டயாஃப்ரத்துக்குக் கொண்டுவரும் சின்ன ஹோஸைப் பொருட்படுத்தமாட்டார். ஹோஸ் கழன்றால் மடல் திறக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். முதலில் நாக்கிங் (கலவை தானே வெடித்துத் தட்டுவது), அதன்பின் ஹெட் கேஸ்கட், இல்லையென்றால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையும்.

ஆள் இயக்கித் திறக்கும் கதவு என்பதால் 'புறவழி மதகு' என்கிறேன். ப்ளோ-ஆஃப் வால்வுக்குக் 'காற்று விடுப்பு வால்வு'. இரண்டும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வரும் ஹோஸ் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மதகின் ஹோஸை அமுக்கியின் வெளிவாயிலிலிருந்து எடுக்க வேண்டும். திராட்டிலுக்கு (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தகடு) பின்னால் எடுத்தால், திராட்டில் பாதி திறந்திருக்கும்போது அமுக்கிப் பக்கம் ஏறும் அழுத்தம் அதற்குத் தெரியாது. விடுப்பு வால்வுக்கோ திராட்டிலுக்குப் பின்னால்தான் எடுக்க வேண்டும்; திராட்டில் மூடியதும் அங்கே உண்டாகும் வெற்றிடம்தான் அதை இழுத்துத் திறக்கிறது. காற்றோட்ட சென்சார் உள்ள எஞ்சினில் அந்தக் காற்றை வெளியே விடாமல் அமுக்கியின் உள்வாயிலுக்கே திருப்புங்கள். அளந்த காற்று தப்பிப்போனால் கலவையில் பெட்ரோல் மிகும்.

---

'ஆள் இயக்கி' என்பதை மட்டும் எடுத்துவிடலாம், அழுத்தம்தானே இயக்குகிறது. மற்றபடி புறவழி மதகு எனக்கும் சரி.

பட்டியலில் விட்டுப்போன ஒன்று பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் அழுத்தம். 'ஊக்கம்', 'உந்தல்' எல்லாம் விளம்பரத்துக்கு ஆகும். 'மிகையழுத்தம்' என்றால் வளிமண்டலத்துக்கு மேலே உள்ளது என்று சொல்லிலேயே தெரியும். 0.4 பார் மிகையழுத்தம் என்றால் முழு அழுத்தம் 1.4 பார். 1 பார் வரை மட்டும் படிக்கும் மேப் சென்சாரை (எஞ்சினுக்குள் போகும் காற்றின் முழு அழுத்தத்தை அளப்பது) அப்படியே விட்டால் டர்போ ஊதத் தொடங்கியதும் அது குருடாகிவிடும். 2 பார் சென்சார் மாட்டி, எஞ்சினின் கணினியான ஈசியுவையும் அதற்கேற்ப டியூன் செய்யச் சொல்லுங்கள்.

எஞ்சின் சிலிண்டரின் அமுக்க விகிதம் 9.5:1, கம்பெனி பிஸ்டன் என்றால் 0.4 பாரில் நிற்பது நல்லது. அந்த அளவிலேயே, அமுக்கியின் திறன் 70% என்று கொண்டால், 30° செல்சியஸில் நுழையும் காற்று 70°ஐத் தாண்டி வெளியேறும். மிகையழுத்தத்தில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5–12 இருக்கட்டும், பற்றவைப்பை மிகையழுத்தத்தின் 1 பிஎஸ்ஐக்கு (சுமார் 0.07 பார்) 1 பாகை போலத் தாமதப்படுத்தித் தொடங்கலாம். மதகின் ஸ்பிரிங் குறிப்பது குறைந்தபட்ச அழுத்தம் என்பதையும் சேருங்கள். பூஸ்ட் கன்ட்ரோலரால் அதற்கு மேலே ஏற்றத்தான் முடியும், இறக்க முடியாது.

டர்போவின் பேரிங்கிலிருந்து ஆயில் திரும்பும் ஆயில் ரிட்டர்னுக்குத் 'திரும்பு குழாய்' வேண்டாம், 'வடிகுழாய்' போடுங்கள். ஆயில் அங்கே அழுத்தத்தால் வருவதில்லை, எடையால் வடிகிறது. உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையாமல், செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாயாமல், எஞ்சினடி ஆயில் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எங்காவது தேங்கினால் ஆயில் பேரிங் கூட்டை நிரப்பி, சீல் வளையத்தைத் தாண்டிச் சுழலிப் பக்கம் கசிந்து நீலப்புகையாக வரும். குற்றமில்லாத டர்போவைக் கழற்றி மாற்றுவது பெரும்பாலும் இதனால்தான்.

---

> புறவழி மதகு எனக்கும் சரி.

கலிங்கை விட்டுக்கொடுக்கிறேன். மதகு என்றாகிவிட்டால் பூஸ்ட் க்ரீப்புக்கும் 'அழுத்தத் தவழல்' என்று எழுதத் தேவையில்லை. 'மதகு போதாமை' என்றே பதியலாம்: மடல் முழுதும் திறந்தும் உயர் ஆர்பிஎம்மில் புகை போக வழி போதாமல் மிகையழுத்தம் ஏறுவது. அதற்கு ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பயனில்லை. துளையைக் கடைந்து அகலப்படுத்தி, பெரிய மடல் போட வேண்டும்.