ஸ்பிரிங்பேக்குக்குச் சொந்த மெட்டீரியல் மாடல் எழுதலாமா?

டைமேக்கர்:
1.4 மி.மீ. உயர்வலிமை எஃகுத் தகட்டை யூ வடிவில் அழுத்துகிறோம். டை (அச்சு) திறந்ததும் சுவர் எவ்வளவு விரியும் (ஸ்பிரிங்பேக்) என்று அபாகஸ் மென்பொருள் சொல்வது அளந்ததோடு ஒத்துவரவில்லை. தகடு டை ஓரத்தில் மடங்கி உடனே நிமிர்கிறது. இழுத்த எஃகைத் திருப்பி அழுத்தினால் குறைந்த தகைவிலேயே இளகிவிடும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் கடினமாகும் என்று கொள்ளும் ஐசோட்ரோபிக் ஹார்டனிங்கில் அது வராது. 2002இல் வந்த யோஷிடா-உஎமோரி மாடலில் வரும். அதை வியூமேட்டாக, அதாவது அபாகஸில் சொந்த மாடலைச் சேர்க்கும் துணைநிரலாக, ஃபோர்ட்ரானில் எழுதி இணைக்க வேண்டும் என்கிறேன்.

கணக்கன்:
வேண்டாம் சார். வியூமேட் அபாகஸின் எக்ஸ்பிளிசிட் தீர்வு முறைக்கு மட்டும். ஸ்பிரிங்பேக்கை அதன் இன்னொரு முறையான ஸ்டாண்டர்டில்தானே ஓட்டுவீர்கள்? அங்கே அதே மாடலை யூமேட்டாக மறுபடி எழுத வேண்டும், திரிபு மாறினால் தகைவு எவ்வளவு மாறும் என்று சொல்லும் டேன்ஜென்ட் மேட்ரிக்ஸோடு. ஷியர் (வெட்டு) கூறுகளின் வரிசைகூட இரண்டிலும் வேறு. யூமேட்டில் பொறியியல் ஷியர் திரிபு, வியூமேட்டில் அதில் பாதி. அந்தப் பாதியைக் கவனிக்காமல் மூன்று வாரம் தவித்திருக்கிறேன். உள்ளேயே இருக்கிற கம்பைன்டு ஹார்டனிங் (ஐசோட்ரோபிக்கோடு, இளகும் எல்லையே நகரும் கைனமேட்டிக்கும் சேர்ந்தது) போதும்.

டைமேக்கர்:
போதாது. திசை மாறியதும் இளகுவதை அது காட்டும், சரி. அப்புறம் எஃகு கொஞ்ச தூரம் கடினமாகாமல் தேங்கி நிற்குமே, அது எங்கே? சுமை இறங்கும்போது யங் குணகம் (விறைப்பு) குறைவதும் இல்லை.

கணக்கன்:
குணகத்துக்கு முழு மாடல் எதற்கு? எக்ஸ்பிளிசிட்டில் வியூஎஸ்டிஎஃப்எல்டி, ஸ்டாண்டர்டில் யூஎஸ்டிஎஃப்எல்டி என்ற சிறு துணைநிரல் போதும். பிளாஸ்டிக் திரிபை ஃபீல்டு மாறியாக்கி, குணகத்தை அதற்கேற்ப அட்டவணையில் கொடுங்கள். சில வரிகள்தான்.

டைமேக்கர்:
அதை ஏற்கிறேன். தேக்கத்தை விடமாட்டேன்.

உலைக்களம்:
நான் ஃபோர்ஜிங் பக்கம். எழுதுவதானால், முதலில் வெறும் மிசஸ் (எளிய அடிப்படை பிளாஸ்டிக்) மாடலை எழுதி, ஒரே எலிமெண்டில் உள்ளமைந்ததோடு ஒப்பிடுங்கள். ஒத்துவந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சாலிட் எலிமெண்டில் கைனமேட்டிக் ஹார்டனிங்கும் பெரிய ஷியரும் சேர்ந்தால் விடை விலகும். உடனே நிரலில் பிழை தேடாதீர்கள். பொருள் சுழலும்போது தகைவு மாறும் வீதத்தை உள்ளமைந்த மாடல்கள் அங்கே யாவ்மன் வீதத்தில் கணக்கிடுகின்றன, வியூமேட் கிரீன்-நாக்டி வீதத்தில்.

கணக்கன்:
அது இருக்கட்டும். இழுத்து அழுத்தும் சோதனை எத்தனை சதவீதம் வரை செய்தீர்கள் சார்?

டைமேக்கர்:
5. அதற்கு மேல் பக்கத் தகடுகள் வைத்துப் பிடித்தும் மாதிரி நெளிந்துவிடுகிறது.

கணக்கன்:
டை ஆரம்?

டைமேக்கர்:
5 மி.மீ.

கணக்கன்:
அப்படியானால் வளைவின் வெளிப்புறத் திரிபு மட்டுமே சுமார் 12 சதவீதம். 5க்கு மேல் அந்தத் தேக்கத்தின் அளவுருக்களை எங்கிருந்து எடுப்பீர்கள்?