காற்றழுத்தமானியின் முள் வெயிலோடு ஏறி இறங்குகிறது, பக்கத்துக் கடிகாரம் முந்தி ஓடுகிறது: காரணம் என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் நான் வாங்கிய பழைய பாய்மரப் படகின் அறைச் சுவரில், ஒரே அளவிலான இரண்டு பித்தளைக் கூடுகளில் ஒரு கடிகாரமும் ஓர் அனிராய்டு (திரவம் இல்லாத) காற்றழுத்தமானியும் அருகருகே பொருத்தப்பட்டுள்ளன. வாரத்துக்கு ஒரு முறை சாவி கொடுக்க வேண்டிய அக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் முந்திப் போகிறது. வேகத்தைச் சீராக்கும் சிறு நெம்பைக் குறைக்கும் பக்கத்தின் எல்லை வரை தள்ளிய பிறகும் இதே நிலைதான். காற்றழுத்தமானியின் முள் விடியற்காலையில் 1003 ஹெக்டோபாஸ்கலை (காற்றழுத்த அலகு) ஒட்டியும், பிற்பகலில் 1030-ஐ ஒட்டியும் நிற்கிறது. வானிலை அறிக்கையோ அதே நாள்களில் 1010-ஐச் சுற்றியே அழுத்தத்தைச் சொல்கிறது. இரண்டு கூடுகளிலும் கண்ணாடி விளிம்பை ஒட்டிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம் ஐயா. காற்றழுத்தமானியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெப்பமண்டலக் கடல்களில் காற்றழுத்தம் முற்பகல் 10 மணியை ஒட்டியும் இரவு 10 மணியை ஒட்டியும் உயர்ந்து, மாலை 4 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் தாழ்வது வழக்கம். அந்த ஏற்ற இறக்கமும் ஏறத்தாழ மூன்று ஹெக்டோபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். உங்கள் முள் பிற்பகலில் உச்சத்துக்குப் போவதையும், இவ்வளவு பெரிய வீச்சில் ஆடுவதையும் பார்த்தால், அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டவில்லை, கூட்டுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தையே காட்டுகிறது என்று தோன்றுகிறது. அடைபட்ட காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினாலே அழுத்தம் மூன்று ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல் உயரும். ஆகவே படகின் அறை எட்டுப் பாகை சூடேறினால் நீங்கள் சொல்லும் கணக்கு அப்படியே வந்துவிடும்.

1844-இல் லூசியான் விடி உருவாக்கிய நாளிலிருந்து இக்கருவியின் அடிப்படை மாறவில்லை. காற்று நீக்கிய, நெளிவுகள் உள்ள மெல்லிய உலோகப் பெட்டி ஒன்று அழுத்தத்துக்கேற்பச் சுருங்கி விரிகிறது. அந்த அசைவை நெம்புகளும் சிறு சங்கிலியும் பெரிதாக்கி முள்ளுக்குக் கொண்டுபோகின்றன. கூட்டுக்குள் வெளிக்காற்று தாராளமாகப் போய்வந்தால்தான் இது வேலை செய்யும். கூட்டைச் சுவரிலிருந்து கழற்றி, பின்புறத் துளை திறந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது. பின்புறத் துளையும், கண்ணாடி விளிம்பும், சுவரோடு சேரும் இடமும் சிலிக்கோன் பசையால் அடைக்கப்பட்டுள்ளன. கடிகாரக் கூட்டின் விளிம்பிலும் அதே பசைதான். உப்புக்காற்று புகாமலிருக்க முந்தைய உரிமையாளர் இப்படிச் செய்திருக்கக்கூடும். பசையை ஒட்டிய இடத்தில்தான் களிம்பு மிகுதியாக இருக்கிறது.

முதல் மறுமொழியாளர்

களிம்பின் காரணமும் பெரும்பாலும் அந்தப் பசைதான். பரவலாக விற்கப்படும் சிலிக்கோன் பசைகளில் ஒரு வகை, இறுகும்போது அசிட்டிக் அமில ஆவியை வெளியிடும். அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். மூடிய கூட்டுக்குள் அந்த ஆவிக்கு வெளியேற வழியும் இருந்திருக்காது. பசையை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ கிளப்பி எடுங்கள். துளைக்குள் இருப்பதை இடுக்கியால் பிடித்து வெளியே இழுங்கள், உள்ளே குத்தித் தள்ள வேண்டாம், ஏனெனில் துளைக்கு நேர் பின்னே சரிசெய்யும் திருகு இருக்கிறது. உப்பையும் களிம்பையும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே நன்றாக உலர்த்துங்கள். அம்மோனியா கலந்த மெருகுத் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். இழுவிசையில் இருக்கும் மெல்லிய பித்தளை அம்மோனியாவால் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுக்கொண்டே போகும்.

இரண்டாம் மறுமொழி

கடிகாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நெம்பால் சில நிமிடங்களைத்தான் திருத்த முடியும். இருபது நிமிடம் முந்துகிறது என்றால், பேலன்ஸ் சக்கரத்தை (முன்னும் பின்னும் ஆடிக் கடிகாரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் சக்கரம்) இயக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அதன் நீளம் குறைந்ததுபோல் இயங்குகிறது என்று பொருள். ஒட்டுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: ஒன்று எண்ணெய், மற்றொன்று காந்தம். சிறிய திசைகாட்டி ஒன்றை ஓடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் சக்கரத்துக்கு மேலே பிடித்துப் பாருங்கள். சக்கரத்தின் துடிப்போடு சேர்ந்து அதன் ஊசியும் அதிர்ந்தால் காந்தம் ஏறியிருக்கிறது. அருகில் காந்தம் உள்ள ஒலிபெருக்கி இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

காந்தம்தான் காரணம் என்றால், அதைப் போக்கக் காந்த நீக்கி என்ற மின்கருவி வேண்டும். அதன் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தை அதிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டு வர வேண்டும். எண்ணெய்தான் காரணம் என்றால், பேலன்ஸ் சக்கரமும் அதைத் தாங்கும் சிறு மேடையும் பெரும்பாலும் ஒரே தொகுதியாகக் கழலும். ஆனால் சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுவதும் தளர்த்தாமல் அதைத் தொடக் கூடாது. தொட்டால் பல்சக்கரங்கள் தடையின்றிச் சுழன்று பற்கள் உடையும். எண்களில் பழைய ஒளிரும் பூச்சு இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். அது ரேடியமாக இருக்கலாம். ஒளி மங்கிப்போனாலும், 1600 ஆண்டு அரைவாழ்வு கொண்ட ரேடியத்தின் கதிர்வீச்சு குறைந்திருக்காது.

கேட்டவர்

திசைகாட்டியின் ஊசி தெளிவாகவே அதிர்ந்தது. சுவரின் மறுபக்கத்தில், கடிகாரத்துக்கு நேர் பின்னால், வானொலியின் ஒலிபெருக்கி இருக்கிறது. அதை இடம் மாற்றி, காந்தத்தையும் நீக்கிய பிறகு, நெம்பை நடுவில் வைத்தே கடிகாரம் சரியாக ஓடுகிறது. காற்றழுத்தமானியும் இப்போது அறிக்கையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. எப்போதும் ஆறு ஹெக்டோபாஸ்கல் மட்டும் கூடுதலாகக் காட்டுகிறது. அதை எப்படித் திருத்துவது?

முதல் மறுமொழியாளர்

வேறுபாடு எப்போதும் ஒரே அளவில் இருப்பது நல்ல அறிகுறி. பெட்டியும் நெம்புகளும் பழுதின்றி இருக்கின்றன. அழுத்தம் அதிகம் மாறாத அமைதியான நாளில், அருகிலுள்ள வானிலை நிலையம் தரும் கடல்மட்ட அழுத்தத்தைப் பார்த்து, பின்புறத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்டிய பிறகே முள்ளைப் படியுங்கள். ஏறத்தாழ எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும் என்பதால், படகில் உயரத்துக்கான திருத்தம் தேவைப்படாது. வெப்பமண்டலக் கடலில், அந்தப் பருவத்தின் சராசரியை விட மூன்று ஹெக்டோபாஸ்கல் தாழ்ந்தால் புயலைச் சந்தேகிக்க வேண்டும், ஐந்து தாழ்ந்தால் ஐயமே வேண்டாம் என்பது மாலுமிகளின் கணக்கு. ஆகையால் ஆறு என்ற பிழையைத் திருத்தாமல் கடலுக்குப் புறப்படாதீர்கள்.