"ரேங்க் என்ன?"

விடுதியில் பெட்டியை இறக்கி வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிர் அறைக்காரன் வந்து கை குலுக்கினான். பெயர் கேட்டான், ஊர் கேட்டான், மூன்றாவதாக "ரேங்க் என்ன?" என்றான். ஐ.ஐ.டி.யில் படித்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. சாதியைக் கேட்க நாக்குக் கூசுகிறவர்கள் நுழைவுத் தேர்வு ரேங்கைக் கேட்பார்கள். எண்ணைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

என்னிடம் சொல்வதற்கு அப்படியோர் எண் இல்லை. 2014-இல் தேர்வு எழுதியபோது பட்டியல் சாதியினருக்கான கட்-ஆப்பைக்கூட நான் தொடவில்லை. ஒதுக்கீட்டு இடங்கள் நிரம்பாதபோது, எங்களைப் போன்றவர்களில் சிலருக்கு ஓராண்டு ஆயத்த வகுப்பு ('ப்ரெப்') நடத்தி, அதில் தேறினால் அடுத்த ஆண்டு பி.டெக்.கில் சேர்த்துக்கொள்வார்கள். அந்த வழியாகத்தான் 2015-இல் உள்ளே போனேன். உள்ளதைச் சொன்னேன். "ஓ, ப்ரெப்பா?" என்றான். அந்தப் பருவம் முழுவதும் பாடத்தைப் பற்றி என்னிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆயத்த வகுப்பில் நான் பட்ட பாட்டை அவன் அறிந்திருக்க நியாயமில்லை. பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன் நான். உந்தம் என்றால் என்ன என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கரும்பலகையில் ஆசிரியர் 'மொமென்டம்' என்று எழுதியபோது, நான் படிக்காத ஏதோ ஒன்று என்று நினைத்து இரண்டு வகுப்புகள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஐ.ஐ.டி. நுழைவின் முதல் கட்டமான ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுத 2021-இல்தான் வழி பிறந்தது. இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டு தேர்வுக்கு இன்றும் ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான். மொழி தெரியாததையும் பாடம் தெரியாததையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் குழப்பிவிட்டு, அதற்குத் தகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

முதலாண்டில் பட்டறைப் பாடம் உண்டு. இரும்புத் துண்டை அரத்தால் அராவிச் சதுரமாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இடுக்கில் ஒளி கசியக் கூடாது. என் அப்பா லேத் பட்டறையில் ஃபிட்டர். பள்ளி விடுமுறைகளில் அவர் பக்கத்தில் நின்று கற்ற வேலை அது. என் துண்டை வாங்கிப் பார்த்த பயிற்றுநர் அதை வகுப்பு முழுவதும் கைமாற்றிக் காட்டச் சொன்னார். எதிர் அறைக்காரன் அரத்தை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்டான், நானும் காட்டினேன். சராசரி மதிப்பெண்ணில் அந்தப் பாடத்தின் பங்கு மிகச் சொற்பம்.

எனக்கு விளங்காமலே இருந்த இன்னொரு விஷயம், கோடை விடுமுறைக்கு எல்லோரும் எங்கே போகிறார்கள் என்பது. முன்பின் தெரியாத பேராசிரியருக்குக் கடிதம் எழுதி அவர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை கேட்கலாம் என்பதை மற்றவர்கள் வீட்டிலேயே அறிந்திருந்தார்கள். என்னிடம் அதைச் சொன்னவர் மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர். அவரும் ஆயத்த வகுப்பு வழியே வந்தவர். இரவு பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்து, நான் எழுதிய கடிதத்தை நான்கு முறை திருத்தினார். "எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்காதே தம்பி, நீ என்ன செய்திருக்கிறாய் என்பதை முதலில் எழுது" என்றார். பதினேழு பேருக்கு அனுப்பினேன். ஒருவர் வரச் சொன்னார்.

2024-இல் உத்தரப் பிரதேசத்துத் தலித் மாணவர் ஒருவருக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தும், 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் அது பறிபோனது. அவருடைய தந்தை தினக்கூலி. அந்த ஆண்டுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்த மாணவர் சென்னை உயர் நீதிமன்றம்வரை வந்து அலைந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று, முழு நீதி வழங்கச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, அவரைச் சேர்த்துக்கொள்ளும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அன்று இரவு அப்பாவுக்குத் தொலைபேசியில் இந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். என் சேர்க்கைக்கு அம்மாவின் தோட்டை அடகு வைக்க, கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றவர் அவர். தீர்ப்பின் விவரம் எதையும் கேட்கவில்லை. "மூன்று மாதப் பாடம் போயிருக்குமே, அதை யார் அந்தப் பிள்ளைக்குச் சொல்லித் தருவார்கள்?" என்றார்.